பறித்த நூலும் படித்த நூலும்: இளையோர் மாயக் காதற்கதைகளும் மூத்த வாசகரும்



கோத்தா கோலா மூடாவுக்கு வரும் வெளியூரார் முதலில் காண விரும்புவது மூடா ஆற்றின் கழிமுகத்தில் கூடும் மீன் சந்தையை. பாசார் பிசிக் என்பது அதன் பெயர். கிசுகிசுச் சந்தை என்று தமிழில் சொல்லலாம். படகிலிருந்து இறக்கிய மீன் அங்கே ஏலத்திற்கு வரும். ஆயினும் விலையை எவரும் கூவுவதில்லை. வாங்க வந்தவர் ஒவ்வொருவரும் விற்பவரின் காதருகே குனிந்து தம் விலையை மெல்லச் சொல்வார். யார் எவ்வளவு கேட்டார் என்பது அடுத்தவருக்குத் தெரியாது. மிகுந்த விலை சொன்னவருக்கு மீன் சேரும்.

இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருளும் எம் வாழ்வில் நெடுநாள் காதோடு காதாக மட்டுமே சொல்லப்பட்டு வந்த ஒன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றோம். எழுபதை நெருங்குகிறோம். எம் மேசைமேல் திருக்குறள் உரைகளும் இலக்கண நூல்களும் அடுக்கியிருக்கும். தலையணைக்கு அடியிலோ பதினேழு வயதுப் பெண்ணொருத்தி மாய நாட்டு இளவரசன்மேல் காதல் கொள்ளும் கதை ஒன்று இருக்கும். விருந்தினர் வந்தால் மேசையைப் பார்ப்பார்கள், தலையணையைப் பார்ப்பதில்லை. அதனால் எம் மதிப்பு இதுவரை காப்பாற்றப்பட்டது. அந்த மறைவை இன்று இந்த அவையில் விலக்குகிறோம். மறைத்த காரணத்தால் ஒரு மாணவிக்குத் தீங்கு செய்தோம் என்பதும், இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்கள் அதே தவற்றைச் செய்துவிடலாகாது என்பதும் இதைச் சொல்வதற்கான காரணங்கள்.

முதலில் இந்தச் சுவை எமக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டும். இதே மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தோம். எம் தாயார் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போனால் வெயில் ஏறியபின்தான் வீடு திரும்புவார். அவருக்கு எழுத்துத் தெரியாது. கதை வேண்டும் என்ற ஆசை மட்டும் நிறைய உண்டு. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த வார இதழ்கள் பல கைகள் மாறி, அட்டை கிழிந்து, தோட்டத்திற்கு வந்து சேரும். அவற்றில் வந்த தொடர்கதைகளைச் சிலர் கிழித்தெடுத்துத் தைத்துக் கட்டி வைத்திருப்பார்கள். அப்படித் தைத்த கட்டு ஒன்றில்தான் சாண்டில்யனின் கடல் புறா எம் கைக்கு வந்தது. இரவில் மண்ணெண்ணெய் விளக்கின் அருகே அமர்ந்து யாம் உரக்கப் படிப்போம், தாயார் கேட்பார். பக்கத்து வீட்டு அம்மாக்கள் வாசற்படியில் அமர்ந்து கேட்பார்கள்.

அந்தக் கதையின் நாயகன் கருணாகரத் தொண்டைமான், இளையபல்லவன் என்று கதையில் அழைக்கப்படுபவன். நாயகி காஞ்சனாதேவி, கடாரத்து இளவரசி. கடாரம் என்ற சொல் வந்த இரவில் தாயார் எம்மை நிறுத்தினார். “ஏண்டா தம்பி, கடாரம்னா நம்ம கெடாதானே? அப்படின்னா அந்தப் பொண்ணு இந்த ஜெராய் மலையப் பாத்திருப்பா இல்ல?” என்று கேட்டார். அன்று எமக்கு விடை தெரியாது. பின்னாளில் படித்தபோது தெரிந்தது: 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கப்பற்படை தாக்கிய கடாரத்தை அறிஞர்கள் இந்தக் கெடா மண்ணோடு இணைத்துக் காண்கிறார்கள். பட்டினப்பாலை குறிப்பிடும் காழகம் கடாரமே என்று உரை எழுதினார் நச்சினார்க்கினியர். வங்கக் கடலைக் கடந்து வந்த மரக்கலங்களுக்கு ஜெராய் மலை தொலைவிலேயே தெரியும் அடையாளமாக இருந்தது. மலையடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்கோயில்களின் அடித்தளங்களை இன்றும் காணலாம். இவ்வளவும் வரலாறு. ஆனால் வரலாற்றைத் தேடிப் போகும் ஆவலை எம் உள்ளத்தில் விதைத்தது, எழுத்தறியாத ஒரு தாய் ஒரு காதற்கதையைக் கேட்டுவிட்டுக் கேட்ட கேள்வி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கதை யாருக்கு உரியது? நாயகனும் நாயகியும் இளையவர்கள். வீரமும் மையலும் நிறைந்த கதை. ஆகவே அது இளையோர்க்கு உரியது என்று நூலகர் ஒருவர் அடுக்கி வைக்கலாம். எம் லயத்து வாசலில் அதை ஆவலோடு கேட்டவர்களோ நாற்பதையும் ஐம்பதையும் கடந்த தாய்மார்கள். அவர்களுக்கு அதில் வெட்கமில்லை. நாள் முழுதும் மரத்தோடும் வாளியோடும் உழைத்தவர்களிடம் போய், இது உங்கள் வயதுக்கு ஏற்ற கதை அன்று என்று சொல்லும் துணிவு எவருக்கும் இருந்ததில்லை. அந்த வெட்கம் எமக்குத்தான் வந்தது. படித்துப் பட்டம் பெற்று ஆசிரியர் ஆனபின் வந்தது.

இனி எம் தவற்றைச் சொல்கிறோம். ஏறத்தாழ 2009ஆம் ஆண்டு. ஓர் இடைநிலைப் பள்ளியில் படிவம் நான்கு வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். பின்வரிசையில் ஒரு மாணவி பாடநூலுக்குள் வேறொரு நூலை வைத்துப் படிப்பதைக் கண்டோம். ஸ்டெஃபனி மேயர் எழுதி 2005இல் வெளிவந்த ட்வைலைட் என்ற ஆங்கிலப் புதினம் அது. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி இரத்தக்காட்டேரி குலத்து இளைஞன்மேல் காதல் கொள்ளும் கதை. நூலைப் பறித்தோம். குப்பைக் கதை என்று வகுப்பறிய இகழ்ந்தோம். மறுநாள் அந்த மாணவி மேசையருகே வந்து, “ஐயா, புத்தகம்...” என்று தொடங்கினாள். தேர்வு முடியட்டும் என்று அனுப்பிவிட்டோம். தேர்வு முடிவதற்குள் அவள் குடும்பம் வாழ்ந்த தோட்டம் வீடமைப்பு நிலமாக மாறியது. அவர்கள் வேறு மாநிலத்திற்குச் சென்றார்கள். நூல் எம்மிடமே தங்கிவிட்டது.

ஓய்வு பெற்றபின் பழைய பெட்டிகளை ஒழுங்குபடுத்தும்போது அந்த நூல் வெளிவந்தது. பாதிக்குச் சற்று முன்னே ஒரு பேருந்துச் சீட்டு பக்க அடையாளமாக வைக்கப்பட்டிருந்தது. அதுவரை அந்நூலின் ஒரு வரியையும் யாம் படித்ததில்லை. படிக்காமலேதான் குப்பை என்று சொல்லியிருந்தோம். அன்று மாலை படிக்கத் தொடங்கி, மறுநாள் இரவுக்குள் முடித்தோம். லயத்து விளக்கருகே கடல் புறா படித்தபோது இருந்த அதே நெஞ்சப் படபடப்பு அறுபதைக் கடந்த பின்னும் வந்தது. எம் தாயாருக்கு யாம் படித்துக் காட்டிய கதைக்கும், அந்த மாணவியிடமிருந்து பறித்த கதைக்கும் இனம் ஒன்றுதான் என்று அப்போது விளங்கியது. அதன்பின் பெயர்த்தியிடம் இரவல் வாங்கி இத்தகைய நூல்கள் பலவற்றைப் படித்துவிட்டோம்.

இந்த மயக்கம் எமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பௌக்கர் என்னும் நூல் சந்தை ஆய்வு நிறுவனம் 2012இல் ஒரு கணக்கை வெளியிட்டது. பன்னிரண்டு முதல் பதினேழு வயதினருக்கென வெளியாகும் நூல்களை வாங்குவோரில் 55 விழுக்காட்டினர் பதினெட்டு வயதைக் கடந்தவர்கள் என்று அது காட்டியது. அவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளுக்காக அல்லாமல் தாமே படிப்பதற்கென வாங்கினார்கள். ஹாரி பாட்டர் கதைகளைப் பெரியவர்கள் தொடர்வண்டியில் கூச்சமின்றிப் படிப்பதற்கென்றே, பிரிட்டனில் அதன் பதிப்பகத்தார் வேறோர் அட்டை போட்டு விற்றார்கள். 2014இல் ஓர் அமெரிக்கக் கட்டுரையாளர், இளையோர் நூல்களைப் படிக்கும் பெரியவர்கள் நாணவேண்டும் என்று எழுத, அதை மறுத்தும் ஏற்றும் பெரிய சொற்போர் எழுந்தது.

அந்தச் சொற்போரை அறிந்தபோது எமக்குச் சிரிப்பு வந்தது. இதே வழக்கு ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் சோழ அவையில் நடந்ததாகத் தமிழ் மரபு சொல்கிறதன்றோ?

சேக்கிழாரின் வரலாற்றைக் கூறும் சேக்கிழார் புராணம் தரும் செய்தி அது. அநபாயன் என்னும் சோழ மன்னன், இரண்டாம் குலோத்துங்கன் என்று பலரும் கருதும் அரசன், சீவக சிந்தாமணியை விரும்பிக் கேட்டு மகிழ்ந்திருந்தான். அமைச்சராக இருந்த சேக்கிழாருக்கு அது பிடிக்கவில்லை. நாடாளும் முதிர்ந்த மன்னன் காதற்கதையில் திளைக்கலாமா என்பது அவர் கவலை. சமண நூலாயிற்றே என்பதும் சைவராகிய அவருக்குக் கவலையாக இருந்தது.

மன்னன் மயங்கியதில் வியப்பில்லை. சிந்தாமணியைப் போன்ற மாயக் காதற்கதை வேறு ஏது? கருவுற்ற அரசி விசயை, பகைவன் சூழ்ந்த நகரிலிருந்து மயிற்பொறி என்னும் வானூர்தியில் தப்பிச் சென்று சுடுகாட்டில் மகனைப் பெறுகிறாள். வணிகர் வீட்டில் வளரும் அந்த மகன் சீவகன் யாழ்ப்போட்டியில் வென்று காந்தருவதத்தையை மணக்கிறான். இறக்கும் நாய் ஒன்றின் செவியில் அவன் மந்திரம் ஓத, அது சுதஞ்சணன் என்னும் தேவனாகி அவனுக்கு உருமாறும் மந்திரத்தைக் கற்பிக்கிறது. எட்டு மணங்கள் நிகழ்வதால் மணநூல் என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. இதைப் பாடியவர் திருத்தக்கதேவர் என்னும் சமணத் துறவி. துறவிக்குக் காதற்சுவை பாடவராது என்ற பேச்சை மறுக்கவே அவர் பாடினார் என்று ஒரு கதை வழங்குகிறது. மூவாயிரத்திற்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட அந்தக் காப்பியத்தின் முடிவில் சீவகன் எல்லாவற்றையும் துறக்கிறான். மயக்கத்தின் வழியாகவே தெளிவுக்கு அழைத்துச் செல்லும் நூல் அது.

சேக்கிழார் என்ன செய்தார்? அதுதான் நமக்குப் பாடம். அமைச்சர் நினைத்திருந்தால் சுவடியை அகற்றச் சொல்லியிருக்கலாம். மன்னனை அவையறிய இடித்துரைத்திருக்கலாம். மரபு கூறும் சேக்கிழார் அவ்விரண்டையும் செய்யவில்லை. சிந்தாமணிக்கு மாற்றாக அடியார்களின் வரலாறுகளை எடுத்துக் கூறினார். மன்னன் அவற்றை விரிவாகக் கேட்க விரும்பவே, தில்லைக்குச் சென்று பெரிய புராணத்தைப் பாடினார். அவர் நூலைப் பறிக்கவில்லை. வேறொரு நூலைப் படைத்துத் தந்தார்.

அவர் தந்த நூலிலும் காதலும் வியப்பும் குறைவா? பரவையாரின் ஊடலைத் தீர்க்கத் திருவாரூர்த் தெருவில் நள்ளிரவில் சிவபெருமானே தூது நடக்கிறார். சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிய சுந்தரர் கண்ணொளி இழக்கிறார். மயிலாப்பூரில் குடத்திலிருந்த எலும்பு பூம்பாவை என்னும் பெண்ணாகி எழுகிறது. கதை விரும்பும் உள்ளத்தைச் சேக்கிழார் இகழவில்லை. அந்த உள்ளத்திற்கு ஏற்ற வேறு கதையைத் தந்தார். அன்று வகுப்பில் யாம் அந்த மாணவிக்கு எந்த நூலைத் தந்தோம்? ஒன்றையும் தரவில்லை. பறித்ததோடு எம் கடமை முடிந்ததென்று நினைத்தோம். எம் குறை அதுவே.

மூத்தவர் ஒருவர் இளையோர் காதற்கதையில் எதைக் காண்கிறார் என்று நீங்கள் கேட்கலாம். இழந்த இளமையைத் திரும்பப் பெற முயல்கிறார் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவர். அதில் ஓரளவு உண்மை உண்டு என்று ஒப்புக்கொள்கிறோம். ஆண்களைக் காண்பதில்லை என்று சூளுரைத்த சுரமஞ்சரியின் மாளிகைக்குள் சீவகன் எப்படி நுழைந்தான்? தளர்ந்த முதியவனாக உருமாறி நுழைந்தான். அவன் பாடியபோது அந்த முதிய உருவுக்குள்ளிருந்து இளைஞனின் குரல் வெளிப்பட்டது. அந்த இடத்தைப் படிக்கும் முதியவர் எவரும் தமக்குள் புன்முறுவல் கொள்வர்.

ஆனால் முழு உண்மை வேறு. இளையவர் அந்தக் கதையை நாயகியாக நின்று படிக்கிறார். மூத்தவர் நாயகியாகவும் நிற்கிறார், அவள் தாயாகவும் நிற்கிறார். அவள் கோட்டை வாயிலைத் திறக்கும்போது இளையவருக்கு ஆவல் எழுகிறது. மூத்தவருக்கு ஆவலோடு அச்சமும் எழுகிறது. இந்த இரட்டை நிலை தமிழுக்குப் புதியதன்று. நம் அகப்பாடல்களில் தலைவனும் தலைவியும் மட்டுமா பேசுகிறார்கள்? நற்றாய் பேசுகிறாள், செவிலி பேசுகிறாள். மகள் காதலனோடு உடன்போன பின் வீட்டில் நின்று வருந்தும் தாயின் குரலுக்கென்றே ஐங்குறுநூற்றில் மகட்போக்கிய தாயிரங்கு பத்து என்னும் பகுதி உண்டு. இளையோரின் காதலில் மூத்தோருக்கும் ஓர் இடம் ஒதுக்கியது நம் இலக்கணம். காதற்கதையை மூத்தவர் படிப்பது நாணத்தக்கது என்றால், அந்தப் பாடல்களைப் பாடிய புலவர்களையும் நாணச் சொல்லவேண்டும்.

செவிலி என்றதும் இந்த மாநிலத்துக்கே உரிய பழங்கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. கெடாவின் பழைய மலாய் நூல் ஹிகாயத் மெரோங் மஹாவங்சா. அது ஒரு மாயக் காதற்கதையோடுதான் தொடங்குகிறது. ரூம் நாட்டு இளவரசனுக்கும் சீன நாட்டு இளவரசிக்கும் நிகழவிருந்த திருமணத்தைத் தடுப்பேன் என்று கருடன் நபி சுலைமானிடம் சூளுரைக்கிறது. இளவரசியை அவள் செவிலியோடு தூக்கிச் சென்று லங்காபுரித் தீவில் வைக்கிறது. அதுவே இன்றைய லங்காவி என்பர். இளவரசனின் கப்பல்களையும் தாக்கி அழிக்கிறது. கரையொதுங்கிய இளவரசனைச் செவிலி கண்டு, கருடனின் கண்ணில் படாமல் மறைத்துக் காக்கிறாள். இறுதியில் காதலர் சேர்கிறார்கள், கருடன் தோற்கிறது. இரு பேரரசுகளாலும் காக்க முடியாத காதலை ஒரு மூத்த பெண்ணின் விழிப்பு காத்தது என்பதை அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அதே நூலில் ராஜா பெர்சியோங் என்னும் கோரைப்பல் அரசனும் வருகிறான். சமையலாளின் விரல் வெட்டுண்டு கீரைக் குழம்பில் குருதி கலக்க, அந்தச் சுவைக்கு அடிமையாகிப் பின் மனிதக் குருதியையே நாடியவன் அவன். அவன் பிடுங்கி எறிந்த பல் விழுந்த இடமே பாலிங் என்று மக்கள் சொல்வார்கள். நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அவன் கதையைத் திரைப்படத்திற்கென எழுதினார். இரத்தக்காட்டேரியைத் தேடி எம் மாணவி அமெரிக்காவரை போயிருந்தாள். அந்த மரபின் உறவினன் ஒருவன் நம் பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறான் என்று அன்று யாம் சொல்லியிருந்தால், அவள் கண்கள் எப்படி விரிந்திருக்கும்! சொல்லும் அறிவு எம்மிடம் இருந்தது. அவள் கையிலிருந்த நூலை மதிக்கும் மனம் இல்லாததால் அந்த அறிவு பயன்படாமல் போயிற்று.

இந்தக் கதைகளில் குறையே இல்லை என்று யாம் வாதிட வரவில்லை. ட்வைலைட் நாயகன், நாயகி அறியாதபடி இரவில் அவள் அறைக்குள் நுழைந்து அவள் உறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கதை அதைக் காதலின் ஆழமாகக் காட்டுகிறது. எம் பெயர்த்தியோடு அந்த இடத்தைப் பேசினோம். “தாத்தா, நெசமாவே ஒருத்தன் இப்படி வந்தா போலிசுக்குத்தான் போன் பண்ணணும்” என்றாள். நம் நூல்களிலும் இத்தகைய இடங்கள் உள்ளன. பெண்ணுடலை வருணிப்பதில் சாண்டில்யன் பக்கம் பக்கமாகச் செலவிட்டார். தாயார்முன் உரக்கப் படித்தபோது அந்த இடங்களை யாம் தாண்டிப் போனதும், அவர் அதைக் கண்டுகொண்டும் வாய் திறவாமல் இருந்ததும் இன்றும் நினைவில் உள்ளன. எட்டு மனைவியர் கொண்ட சீவகனை இன்றைய மாணவி கேள்வி கேட்காமல் விடமாட்டாள், விடவும் கூடாது.

இந்தக் கேள்விகள் எழவேண்டுமானால் மூத்தவர் அந்த நூலைப் படித்திருக்கவேண்டும். படிக்காதவர் சொல்லும் அறிவுரையை இளையோர் கேட்பதில்லை; கேட்கவேண்டிய தேவையும் இல்லை. பறித்தெடுத்த நூலை அவர்கள் வேறிடத்தில் தேடிக் கைப்பேசியில் தனியே படிப்பார்கள். அங்கே அவர்களோடு உரையாட எவரும் இருக்கமாட்டார்கள். காவலராக நிற்கும் மூத்தவரால் வாயிலை மட்டுமே அடைக்க முடியும். செவிலியாக நிற்பவரோ உள்ளே உடனிருக்க முடியும்.

சைவ மடத்தில் தமிழ் கற்ற உ. வே. சாமிநாதையரின் வாழ்விலிருந்து இதற்கு இன்னொரு சான்று உண்டு. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம் என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் நீண்ட பட்டியலைச் சொன்னார். முதலியார் அதில் நிறைவடையாமல், சிந்தாமணி படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் அதைப் படித்ததில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்பி, அவர் அந்த நூலைக் கையிலெடுத்தார். புரியாத இடங்களைச் சமணர்களின் வீடுகளுக்குச் சென்று கேட்டுத் தெளிந்தார். 1887இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார். மதிப்பு மிக்க ஆசிரியர் ஒருவர், தம் மரபு ஒதுக்கிவைத்த ஒரு காதற்காப்பியத்தைத் திறந்து பார்த்ததால் பழந்தமிழ் நூல்கள் பல அச்சேறும் வழி திறந்தது. ‘நீங்கள் இதைப் படித்ததுண்டா?’ என்ற ஒரு கேள்விக்கு அவ்வளவு ஆற்றல் இருந்தது.

ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். மாணவர் மறைத்துப் படிக்கும் நூலைக் கண்டால், பாட நேரம் முடிந்ததும் திருப்பிக் கொடுங்கள். கொடுக்கும்போது, நீ முடித்தபின் எனக்குத் தருவாயா என்று கேளுங்கள். அடுத்து, அதைப் படித்தபின் அதன் உறவினராக ஒரு தமிழ்க் கதையை அவர் கையில் கொடுங்கள். சிந்தாமணியின் உரைநடைச் சுருக்கம் ஆகலாம். கல்கியின் பொன்னியின் செல்வன் ஆகலாம். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த அந்தத் தொடரை 2022இலும் 2023இலும் திரையில் கண்ட நம் பிள்ளைகளுக்கு வந்தியத்தேவனும் குந்தவையும் அயலார் அல்லர். மூன்றாவது, எழுதக்கூடியவர்கள் எழுதுங்கள். மூடா ஆற்றையும் ஜெராய் மலையையும் கோரைப்பல் அரசனையும் கொண்டு நம் மாணவர்க்கென ஒரு மாயக் காதற்கதை தமிழில் வரட்டும். சேக்கிழார் காட்டிய வழி அதுதான்.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒரே வேண்டுகோள். உங்கள் வீட்டிலுள்ள பாட்டிக்கும் தாத்தாவுக்கும் நீங்கள் படிக்கும் கதையைச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் படித்தாலும் மலாயில் படித்தாலும் தமிழில் சொல்லுங்கள். இரத்தக்காட்டேரியின் காதலைப் பாட்டிக்குத் தமிழில் விளக்குவது எளிதன்று. ஒவ்வொரு சொல்லையும் தேடவேண்டியிருக்கும். அந்தத் தேடலில் உங்கள் தமிழ் வளரும். அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று, எம் தாயாரின் கேள்வியைப் போல, உங்களை எங்கோ அழைத்துச் செல்லவும் கூடும்.

எம் தாயார் இன்று இல்லை. அந்தத் தோட்டத்து லயங்களும் இல்லை. அந்த மாணவிக்கு இப்போது முப்பது வயதைக் கடந்திருக்கும். பேருந்துச் சீட்டை அந்தப் பக்கத்திலிருந்து யாம் எடுக்கவில்லை. நூலை இன்று இந்த அவைக்குக் கொண்டுவந்திருக்கிறோம். வரும் வழியில் எவரும் பார்க்கட்டும் என்று கையில் பிடித்தபடியே வந்தோம். உரிமையாளர் என்றேனும் கேட்டு வந்தால், ‘மன்னித்துவிடு அம்மா, யாமும் படித்தோம், நன்றாக இருந்தது’ என்று சொல்லிக் கொடுக்கக் காத்திருக்கிறோம்.